நோ குரோத்

எந்தத் திசையில் பஸ் ஏறினாலும்
ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்து
கடல் வராத ஊரில்
அறுபது லிட்டர் கடல் வைக்க
இடம் பார்த்தாயிற்று:
ஃப்ரிட்ஜுக்குப் பக்கம், வெயில் படாத சுவர்.

மிச்சம் கல்.

கொளத்தூர் தஸ்தகீர் போனில் இரண்டு விலை சொன்னார்.
காய்ந்த கல் கிலோ முந்நூற்றைம்பது.
உயிர்க்கல் தொள்ளாயிரம்.
"கடல்ல எடுத்ததில்லம்மா, எடுத்தா கேஸ்.
என் தொட்டியிலயே ஏழு வருஷம் கெடந்தது.
உள்ள என்னென்ன இருக்குன்னு எனக்கே தெரியாது."
கடைசி வரியை
விளம்பரமாகத்தான் சொன்னார்.

எனக்கு வேலை ஐந்து ரோட்டில், லேபில்.
ஊராரின் சளியும் சிறுநீரும் சீழும்
தட்டில் தீற்றி முப்பத்தேழு டிகிரியில் அடைத்து
மறுநாள் திறந்து பார்ப்பேன்.
ஒன்றும் முளைக்காவிட்டால்
'நோ குரோத்' என்று அடித்துக் கொடுப்பேன்.
ஒருமுறை ஓமலூர்க்காரர் ஒருவர்
குரோதம் இல்லை என்று காதில் வாங்கிக்கொண்டு
"அதான் வேணும் தாயி" என்று கும்பிட்டுப் போனார்.

என்ன இருக்கிறதென்றே தெரியாததை
நான் எப்படி வீட்டுக்குள் விடுவது?

"கல்லுக்குக் காசா? சேலத்துலயா?"
மாதேஸ்வரன் டூட்டி முடிந்து வருகையில்
செட்டிச்சாவடிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்கல்லை
ஹெல்மெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தான்.
பவளத்தின் எலும்பு மாதிரிதான் இருந்தது.
வினிகர் சொட்டினேன். நுரைக்கவில்லை.
காதை வைத்தும் பார்த்தேன்.
கடலைக் கேள்விப்பட்டிராத கல்.
இப்போது பால்கனிக் கதவு அடித்துக்கொள்ளாமல்
அதுதான் காக்கிறது.

காய்ந்த கல்லே வாங்கினேன், எட்டு கிலோ.
விடியற்காலை புது பஸ் ஸ்டாண்டில்
பெட்டியை இறக்கிய பையன்
"சிமெண்டாக்கா?" என்றான்.
வினிகர் பட்டதும் சோடா உடைத்த மாதிரி சீறியது.
எந்தக் காலத்திலோ யார் யாரோ குடியிருந்த துளைகள்.
இப்போது சுத்தம்.

உப்புக் கரைத்து
மேட்டூர்த் தண்ணீரைக் கடலாக்கி
தோலுரிக்காத ஒற்றை இறாலை அழுக விட்டேன்.
கீழ்வீட்டு ரெஜினா டீச்சர்
குழாய் அடைப்பா என்று ஆளனுப்பிக் கேட்டார்.
அம்மோனியா பச்சை.
அடுத்த வாரம் அடர்பச்சை.
முப்பத்திரண்டாம் நாளும் அதே பச்சை.
அழுகல் வந்துவிட்டது,
அழுகலைத் தின்கிறவை வரவில்லை.
எல்லாரும் போன கல்யாண மண்டபம் போல
குழல்விளக்குக்கடியில் வெள்ளை வெளேரென்று நின்றன கற்கள்.
நோ குரோத்.
ஒரு நாளைக்கு முப்பது தடவை அடிக்கிற சொல்தான்.
வீட்டில் அதைப் படிக்க ஆகவில்லை.

"ஒரு கைப்பிடி போதும்" என்றேன் தஸ்தகீரிடம்.
அவர் சிரிக்கவில்லை, அது பெருந்தன்மை.

ஈர தினத்தாளில் சுற்றி வந்தது,
பழுப்பாய், கொழகொழவென்று,
மழைக்குப் பிந்திய வண்டிக்கொட்டகை வாசத்தோடு.
வெள்ளைகளுக்கு நடுவே இறக்கினேன்.
ஞாயிறு, யாருமில்லாத லேபில்
அதன் ஒரு சொட்டு நீரை லென்சுக்கடியில் வைத்தேன்.
மயிர்க்கால்களால் துடுப்புப் போட்டு
ஏதோ ஒன்று வட்டத்தின் விளிம்புக்கு ஓடி
வெளியே போய்விட்டது.
ஸ்லைடை நகர்த்தித் துரத்தினேன், கிடைக்கவில்லை.
பெயர் தெரியாததற்கு
எங்கள் ரிப்போர்ட்டில் கட்டம் கிடையாது.

பச்சை வெளிறத் தொடங்கியது.

நேற்று ராத்திரி இரண்டு மணி.
ஜோலார்பேட்டைக்குக் கூட்ஸ் கொண்டுபோயிருக்கிறான் அவன்.
தொட்டிக்குள் யாரோ விரல் நெட்டி முறித்தார்கள்.
டக்.
இறாலா, நண்டா,
நாளை விடப்போகும் மீனைக் கொல்லப்போகிற எதுவுமா,
ஏழு வருஷம் தஸ்தகீருக்கே தெரியாமல் ஒளிந்திருந்ததா.
குரோதமாகக்கூட இருக்கலாம்.
தரையில் குந்தி
பழுப்புக் கல்லின் மேல் டார்ச் அடித்துக் காத்திருந்தேன்.
முழங்கால் மரத்துப் போயிற்று.

டக்.

சத்தம் வந்தது
வெள்ளைக் கல்லுக்குள்ளிருந்து.