முப்பத்துநாலு மடங்கு

சங்கத்துப் பணம் பதினோராயிரத்து நானூறு,
ரப்பர் வளையம் போட்டு, நண்டுவாடை போகாமல்
என் கைப்பைக்குள் இருந்தது.
தொண்டியில் அபூதாகிர் தன் கண்ணாடி மேசைமேல்
மூன்று கேம்கார்டர்களை வரிசையாக வைத்தார்.
கல்யாணத்துக்கா, என்றார்.
இல்ல பாய், களவுக்கு, என்றான் கோட்டைராஜ்.

முள்ளிமுனைக்கு வேண்டியது ஒரு நம்பர்.
மூன்று கடல்மைலுக்கு உள்ளே
ராத்திரியில் மடி இழுக்கும் விசைப்படகின் நம்பர்.
ஐந்து வல்லத்து நண்டுவலை அறுந்து கிடந்த அன்று
ஆபீசர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
படம் இருக்காம்மா?

முதலாவது பெட்டி பிரிக்காதது. பதினாலாயிரம்.
எழுநூறு மடங்கு பெரிதாக்கும் என்று
அட்டையில் பொன்னெழுத்து.
ஊரில் பாதிக் கல்யாணத்தைப் பிடித்த திரவியம்
துணைக்கு வந்திருந்தான். காதருகே குனிந்தான்.
'அக்கா, முப்பத்துநாலுதான் லென்சு செய்யிற வேல.
அதுக்கு மேல பூராம் புளுகு.
இருக்கிற மாவுல தண்ணி ஊத்துறான்.'

இரண்டாவது சிங்கப்பூர்ப் பழசு, ஒன்பதாயிரத்து இருநூறு.
சின்ன கேசட், நல்ல கனம்,
கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை.
மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கியது, ஆறாயிரம்.
அதன் திரையில் எல்லாமே அழகு,
அபூதாகிரின் வழுக்கைகூட.

கடற்கரைக்கு எடுத்துப்போய்ப் பார்க்கணும் என்றேன்.
மகனையும் கூடவே அனுப்பினார்;
நம்பிக்கை வேறு, சரக்கு வேறு.

வெயிலில் புதியதன் திரை வெறும் கண்ணாடியானது.
கடலைத் தேடினேன், என் மூக்குத்திதான் தெரிந்தது.
சின்னதைக் கோட்டைராஜ் வல்லத்தில் நின்று பிடித்தான்:
தொடுவானம் குடிகாரன்போல் இரண்டு பக்கமும் சாய்ந்தது.
பழசின் துளையில் கண்ணை வைத்தேன்.
எங்கோ நங்கூரமிட்ட படகில் ஒருவன்
பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவது குச்சியில்தான் பிடித்தது.

இருநூறு குறைந்தது. ஒரு கேசட் இனாம்.
இன்னொரு பேட்டரி ஆயிரத்து நூறு.
ஆகா என்றால் ஆகாயத்தில் பறக்கும் சங்கம் இல்லை எங்களுடையது;
மிச்சம் ஆயிரத்து முந்நூறை
அங்கேயே, கல்லில் உட்கார்ந்து, நோட்டில் ஏற்றினேன்.

நாலு ராத்திரி யாரும் வரவில்லை.
ஐந்தாம் ராத்திரி, கொண்டல் ஏறியடிக்கையில், வந்தார்கள்.

விடிந்ததும் சங்கக் கூடத்து டிவியில் மாட்டினோம்.
பச்சைப் புகை.
லென்ஸ் முழுக்க உப்பு பூத்திருந்தது.
நம்பர் இருக்கவேண்டிய இடத்தில்
கொசு மொய்த்ததுபோல் ஏதோ.
ஆனால் சத்தம் இருந்தது.
அச்சு அசலாக, தண்ணீர் தட்டுவது முதல்
கோட்டைராஜ் வைத வசவு வரை.
அதற்கும் பின்னால் ஓர் எஞ்சின்,
ஏழாவது அடிக்கு ஒருமுறை இருமிக்கொண்டு.

கடையில் ஒருவரும் கேட்கவில்லை,
இதற்குக் காது எப்படி என்று.

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
டீ கொண்டுவந்த சிவகாமிதான்,
தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
'இது முத்திருளாண்டி போட்டுல்ல?'

ஆபீசர் சத்தத்தை ஏற்கமாட்டார்.
இருமலுக்கு ஏது நம்பர்.

நோட்டைப் புரட்டினேன்.
ரசீது எண் பதினேழு. கேமரா நிதி. ஐந்நூறு.
சுழித்து எழுதிய கையெழுத்து,
முத்திருளாண்டி, அடியில் இரண்டு கோடு.
கேட்டவுடனே கொடுத்த ஆள்.
மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்று சொன்ன வீடு.

ஒன்பதாயிரத்தில் ஐந்நூறு:
பதினெட்டில் ஒரு பங்கு.
கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
இதில் அவருடையது எது என்று.
லென்ஸ் மூடியாக இருக்கலாம்.

திரவியம் பனியன் துணியை நனைத்து
உப்பைத் துடைக்க ஆரம்பித்தான்.
மெதுவாடா, என்றேன்.
'இன்னிக்கு ராத்திரிக்கு?' என்று கேட்டான் கோட்டைராஜ்,
சார்ஜரைச் செருக இடம் தேடியபடி.