பேர் மட்டும் கேட்ட கடை

திண்டல் மேட்டுக்குக் கீழே
பெருந்துறை ரோட்டில்
எட்டு வருசமாகக் குளிர்ந்துகொண்டிருந்த கண்ணாடிக் கடையைப்
போன வாரம் கழற்றினோம்,
நானும் லோகுவும் ஒரு குட்டியானையும்.

பழைய சாமான் எடுப்பது என் தொழில்.
மூடுகிற கடைக்கெல்லாம் கடைசி வாடிக்கையாளன் நான்தான்.
கம்பெனி பட்டியல் அனுப்பியிருந்தது.
சோபா நாலு.
மரம் மாதிரியான பிளாஸ்டிக் நாற்காலி இருபத்திரண்டு.
சூழல் விளக்கு பதினாறு.
சூழல் எங்கீங்கண்ணா, என்றான் லோகு.
ஏசியை நிறுத்தினதும் போயிருச்சு, என்றேன்.

சோபாவைப் பல் டாக்டர் கேட்டிருக்கிறார்,
நாற்காலிகள் டியூசன் சென்டருக்கு.
சுவரை அடைத்து ஒட்டியிருந்த காபித் தோட்டப் படம்
யாருக்கும் வேண்டாம்.
எந்த நாட்டுத் தோட்டமோ,
பழம் பறிக்க ஓர் ஆள்கூட அதில் இல்லை.

ஏன் மூடினாங்க?
எதிர்ச்சாரியில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.
ஒரு காபிக் காசுக்கு ஒரு ட்யூப்பே மாத்திப்போடலாமுங்க,
இது பஞ்சர் கடைக் கிட்டுசாமி.
நுரையைத் தள்ளிட்டுப் பாத்தா முக்கா டம்ளருங்க,
இது ஜெராக்ஸ் கடைப் பெண்.
எல்லாம் சரிதான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் மேசையின் திருகு மட்டும்
இறுகிப்போய்க் கிடந்தது.
தூணுக்குப் பின்னால் இருந்த மேசை,
ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.
செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே
நானும் ஷமீனாவும்
ஒரு காபியை இரண்டு மணி நேரம் குடித்தோம்.

எங்கள் ஊர்க் கடைகளில்
காபிக்கு முன்னால் கேள்வி வந்துவிடும்.
எந்த ஊருங்க.
அந்தூர்ல யார் ஊடுங்க.
ஒட்டுக்கா வந்திருக்கறது யாருங்க.
டம்ளர் வந்து சேர்வதற்குள்
கூட்டம், காணி, குலசாமி எல்லாம்
மேசைமேல் வந்து உட்கார்ந்துவிடும்.
இங்கே கேட்டது பேர் மட்டும்.
அதையும் தப்பாகத்தான் எழுதினார்கள்.
ஒரு செவ்வாய் அவள் ஷாம்பவி,
இன்னொரு செவ்வாய் வெறும் ஷா.
சிரித்துச் சிரித்துக் கப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
கொடுத்த இருநூற்று முப்பது ரூபாய்
காபிக்கு இல்லை.
கேட்காமல் விட்டதற்கு.

மத்தியானம் சிந்துஜா வந்தாள்,
நாலு வருசம் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றவள்.
சூளையில் ஷட்டர் ஒன்று பிடித்திருக்கிறாளாம்.
மெசினுக்குத்தானுங்கண்ணா வந்தேன்.
நான் எண்பத்தைந்தில் நின்றேன், அவள் ஐம்பதில்.
இடது குழாய் ஒழுகும் என்பது
அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.
பேரம் அங்கே முடிந்தது.

மூன்றாம் நாள் பாக்கி வாங்கப் போனேன்.
எட்டடிக்குப் பத்தடி, நாலு ஸ்டூல்,
பக்கத்தில் மாவு மில்.
காபி வாசத்தோடு
யார் வீட்டு மஞ்சளோ அரைபட்டு வந்தது.
நன்றாக இருந்தது காபி,
அங்கே குடித்ததைவிட நன்றாகவே.
இரண்டாம் வாய் இறங்குவதற்குள்
அடுத்த ஸ்டூல்காரர் என் பக்கம் திரும்பினார்.
தம்பிக்கு எந்த ஊருங்க?

சிந்துஜா நீராவிக் குழாயைத் திறந்துவிட்டாள்.
உஸ்ஸென்று அரை நிமிடம்.
மேற்கொண்டு அவர் கேட்டது
அவருக்கே கேட்டிருக்காது.
குழாயின் அடியில் பாலே இல்லை.

இங்கே தூண் இல்லீங்கண்ணா, என்றாள்
என்னைப் பார்க்காமல்,
ஆனா மெசின் சத்தம் போடும்.

பாக்கியில் நாற்பதைக் கழித்துக்கொண்டு
எண்ணிக் கொடுத்தாள்.
ஷமீனா இப்போது எந்த ஊர் என்று
அவள் கேட்கவில்லை.