மதகு, மூன்றாம் மேசை

கரடிப்போக்குச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி
வாய்க்கால் ஓரமாய் உள்ளே போனால்
மூடிக்கிடந்த அரிசி ஆலையின் ஒரு பாதியில்
'மதகு' என்று கையால் எழுதிய பலகை.
சனிக்கிழமை.
தவணைப் புத்தகத்தை அறையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.
இருந்தும் வாசலில் நின்ற தவரூபன்
முதலில் பார்த்தது என் கைப்பையை.

"சாப்பிடவோ அக்கா, இல்லாட்டி..."
"சாப்பிடத்தான்."
மூச்சு விட்டது அவனா அடுப்பா தெரியவில்லை.

அந்த அடுப்பை எனக்குத் தெரியும்.
வவுனியாவில் வாங்கியது, ஒருவர் பாவித்தது,
மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
பிணைக்கு மனைவியும் ஒரு லொறிக்கார மச்சானும்.
படிவத்தில் தொழில் என்ற கோட்டின் மேல்
'புதுச் சாப்பாடு' என்று எழுதியிருந்தான்.
நான்தான் அதை வெட்டி
'உணவகம்' என்று திருத்தினேன்.

மேசை விரிப்பு நீலத் தறப்பாள்.
அளவாய் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து,
நடுவில் சோடாப் போத்தலில் இரண்டு எருக்கம்பூ.
"பாஷன் அக்கா. கொழும்பிலையிருந்து வந்தவை
படம் எடுத்துக்கொண்டு போனவை."
அழகாய்த்தான் இருந்தது.
முழங்கைகளை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.

பட்டியல் சுவரில், சோக்கட்டி எழுத்தில்.
ஒடியல் மா பீட்சா.
முசுட்டை இலையில் பொதிந்து சுட்ட விரால்.
குரக்கன் கொத்து, முட்டை போட்டது, போடாதது.
ஜப்பான், பழப்புளியில்.

பக்கத்து மேசையில் கனடாவிலிருந்து வந்த குடும்பம்.
சுஷியா என்று கேட்கிறாள் மகள்.
இல்லைப் பிள்ளை, இது எங்கடை குளத்து ஜப்பான்,
இரணைமடுவில் பிறந்து
கான் கடந்து அங்கால் போகாத ஜப்பான்.
தகப்பன் சிரித்த சிரிப்பில்
தண்ணீர் கிளாஸ் சரிந்தது.
தறப்பாளில் ஊறாமல்
தண்ணீர் குண்டு குண்டாய் நின்றது.
அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு
ஒரு விரலால் அதை ஓரத்துக்குத் தள்ளினார்,
மெல்ல, பழகிய கையாய்,
கீழே யாரோ படுத்திருப்பது போல.

கொத்து சரிவரவில்லை.
குரக்கன் உதிர்ந்து மணலாய்ப் போயிருந்தது.
சொன்னேன்.
"தெரியும் அக்கா, இன்னும் கைக்குப் பிடிபடேல்லை."
விரால் வேறு கதை.
இலை கருகி விலக, உள்ளே ஆவி,
மிளகு, கொஞ்சம் சேற்று வாசம்,
அதைக் கழுவாமல் விட்டிருந்தான், வேண்டுமென்றே.
குளம் தட்டில் இருந்தது.

முள்ளைத் தட்டோரம் வரிசையாய் அடுக்கினேன்.
எண்ணுகிற பழக்கம்.
மேசை ஆறு. ஆள் இருப்பது நாலில்.
மாதம் பதினாறாயிரம். நிலுவை இரண்டு.
வாய் ருசிக்க ருசிக்கத்
தலை கூட்டிக் கழித்தது.
என்னை எனக்கே பிடிக்காத இடம் அது.
என்றாலும் சொல்லத்தானே வேண்டும்,
திங்கள் இரண்டையும் கட்டாவிட்டால்
மேலிடத்திலிருந்து ஆள் வரும் என்று.

அவன் கடைசியாய் ஒரு கோப்பை கொண்டுவந்தான்.
உறைய வைத்த எருமைத் தயிர்,
மேலே மஞ்சளாய்ப் பாலைப்பழப் பாகு.
பக்கத்தில் குட்டிச் சிரட்டையில் தேங்காயெண்ணெய்.
"சொண்டிலை பூசிப்போட்டுச் சாப்பிடுங்கோ. பால் ஒட்டும்.
இது பட்டியலிலை இல்லை, பரிசோதனை."

கனடாப் பிள்ளை பூசிக்கொண்டு
கண்ணாடியில் தன் மினுக்கத்தைப் பார்த்தது.
நான் பூசவில்லை.

ஆடி மாதக் காடு
ஒரு கரண்டிக்குள் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.
நான்காம் கரண்டியில்
மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொண்டன.
தவரூபன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்,
நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.
தலையை மட்டும் ஆட்டினேன்.
அவன் அதை
ருசிக்கென்று எடுத்துக்கொண்டான்.

இரண்டாயிரத்து முந்நூறு. எண்ணி வைத்தேன்.
அவனும் எண்ணினான்.
வெளியே சோளகம் புழுதியை அள்ளி
வாயை மூடு என்றது, மூடித்தான் இருந்தது.

திங்கள் பத்து மணிக்குப்
புத்தகத்தோடு வருவேன்.
அதற்குள் எண்ணெய் தேய்த்துக்
கழுவிக்கொள்ளலாம்.