நாலு பச்சை

அந்தப் படத்தைப் பதினெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன்.
பதினெட்டாவது தடவையும்
கடைசிக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பின்னால் பேச்சு வரக்கூடாது.

வியாழனின் ஏதோ ஒரு நிலவிலிருந்து
பனிக்கட்டி ஏற்றி வரும் சரக்குக் கப்பல்.
ஐந்து பேர், ஒன்பது வருஷம்.
போய்ச் சேரும் நிலையத்தில் கதவு திறக்க ஆளில்லை.
என்னைவிட ஆறு வயது மூத்த படம்.

முதல் தடவை தண்டையார்பேட்டையில், பகல் காட்சி,
மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து.
கப்பல் நிலையத்தோடு இணைகிற பதினான்கு நிமிடம்
இசை கிடையாது, வசனம் கிடையாது.
ஒரு இரும்பு வாய்
இன்னொரு இரும்பு வாயைத் தேடி வருகிறது,
அவ்வளவுதான்.
பாதிக் கூட்டம் டீ குடிக்கப் போனது.
"ஆபரேட்டர் தூங்கிட்டாம்பா, எழுப்புங்கடா"
என்று முன்வரிசையில் ஒருத்தன் கத்தினான்.
நானும் சிரித்தேன்.

இன்று என்னைத்தான் ஆபரேட்டர் என்கிறார்கள்.
துறைமுகத்தில் நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரைமேல் கால் வைத்து
எட்டு மணி நேரம் குனிந்தே இருக்கிற வேலை.
இரண்டு முட்டிக்கு நடுவே கப்பல்.
கப்பலில் பெட்டி,
பெட்டியின் நாலு மூலையிலும் நாலு ஓட்டை.
கயிற்றில் தொங்கும் சட்டம் காற்றில் ஆடும்,
கீழே கப்பல் தன் பாட்டுக்கு ஆடும்,
இரண்டும் ஆடாத ஒரு நொடி
எங்கோ இருக்கும்.
சிக்கினால் விளக்கு நாலும் பச்சை.
மூன்று எரிந்து ஒன்று எரியாமல் நின்றால்
கீழே நிற்கிறவனின் பெயர் ஞாபகம் வரும்.

அதனால் சொல்கிறேன்,
அந்தப் பதினான்கு நிமிடம் நீளமே இல்லை.
கிட்டே வர வர மெதுவாக வேண்டும்,
நேரமெல்லாம் கடைசி ஒரு முழத்துக்குத்தான்
என்று எடுத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.
ஓட்டுகிறவளின் வலது கையைப் பாருங்கள்,
நெம்புகோலை அவள் பிடிக்கவில்லை,
தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாள்.
விண்வெளியில் சத்தம் கேட்குமா என்று
படித்தவர்கள் குறை சொல்லும் அந்த 'டொக்'
காதில் கேட்பதில்லை ஐயா,
இருக்கை வழியாக இடுப்பெலும்பில் கேட்பது.

நசீருதீன் ஒத்துக்கொள்ள மாட்டான். டிரெய்லர் ஓட்டுகிறவன்.
"எண்ணூர் ரோட்டுல பத்தொம்போது மணி நேரம்
லைன்ல நின்னுட்டு வரேன்,
என்கிட்ட ஒருத்தி வண்டி பார்க் பண்றதக் காட்டி
படம்னு சொல்ற, இன்னா மனுசன் நீ."
அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சுகிர்தா ஒரே ஒரு தடவை பார்த்தாள்,
கொருக்குப்பேட்டை வீட்டில், துணி மடித்துக்கொண்டே.
எல்லோரும் கொண்டாடுகிற காட்சி அது:
குழாய் வெடித்து,
தண்ணீர் உருண்டை உருண்டையாக அறையெங்கும் மிதக்க,
அந்தப் பெண் விரலால் தட்டித் தட்டிச் சிரிப்பாள்.
"ஒரு கொடங்கூட எடுத்து வைக்கல பாரு" என்றாள் சுகிர்தா.
குடம் எப்படி நிற்கும்,
அங்கே எதற்கும் எடை கிடையாது என்று
பெரிய மனுஷன் மாதிரி விளக்கினேன்.
கையிலிருந்த சட்டையோடு அப்படியே நின்றாள்.
"வெயிட்டே இல்லாத தண்ணியா?
அப்ப மூணாவது மாடிக்கு
நான் ஒருத்தியே ஏத்திருவனே."

அதற்கப்புறம் அந்தக் காட்சியில்
எனக்கு உருண்டைகள் தெரிவதில்லை.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பதின்மூன்று குடம் தேறும்,
சிந்தாமல் பிடித்தால்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன்.
கதவு திறக்கிறது, வெளிச்சம்,
ஒரு குரல் வந்து மனிதகுலத்தைப் பற்றிப் பேசுகிறது.
எதற்கு?
பூட்டு விழுந்தாயிற்று, சரக்கு சேர்ந்தாயிற்று,
அவள் கையை எடுத்து
உள்ளங்கை வியர்வையைத் தொடையில் துடைத்தும் விட்டாள்.
படம் அங்கேயே முடிந்தது.
இதைச் சொன்னால் உனக்குத் தத்துவம் புரியவில்லை என்கிறார்கள்.
இருக்கட்டும்.

நேற்று நைட் ஷிப்ட் இல்லை.
மணலிப் பக்கம் சிம்னி நெருப்பு
ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்தது.
பத்தொன்பதாவது தடவையாகப் போட்டேன்.
கப்பலுக்கும் நிலையத்துக்கும் நடுவே
ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது
கீழே அடிபம்பு கிறீச்சிட்டது.
நிறுத்திவிட்டு
இரண்டு குடத்தோடு இறங்கினேன்.