பதினொன்றாம் பாளை

புளியரை எஸ் வளைவில்
சாலைக்கு மேலே பாறையில் நிற்கிறது
ஒரு கூந்தல்பனை.
சோதனைச்சாவடிக்கு நான் மாற்றலாகி வந்த ஆவணியில்
உச்சியில் முதல் பாளை வெடித்துத் தொங்கியது.
பேர் தெரியாது அப்போது.
யாரோ ஒரு குதிரை வாலை
மரத்தில் கட்டிவிட்டுப் போனதாக நினைத்தேன்.

அடுத்தது அதற்குக் கீழே.
அதற்கடுத்தது அதற்கும் கீழே.
மேல்மாடியிலிருந்து
ஒவ்வொரு தளமாக விளக்கைப் போட்டுக்கொண்டு
யாரோ இறங்கி வருகிற மாதிரி.

"கடைசிக் குலை பழுத்தால் மரம் தீர்ந்தது"
என்றாள் ஆரியங்காவு வனக்காவலர் ஷைலஜா.
சொல்லிவிட்டு டீக்குச் சில்லறை எண்ணினாள்.

மழை விட்ட ஓர் இரவு
கடியம் நர்சரி லாரி வந்து நின்றது.
கொல்லத்தில் ஏதோ ரிசார்ட்டுக்கு எட்டுப் பனை.
நரிவாலாம். ஓலையெல்லாம் சாக்கில் சுற்றி
ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றியது போல் படுக்கவைத்திருந்தார்கள்.
பிரேக்கில் கோளாறு; மெக்கானிக் காலையில்தான்.
ஓட்டுநர் சத்திபாபு
பாதித் தெலுங்கில் மன்னிப்பு கேட்டுவிட்டு
டயரில் சாய்ந்து தூங்கிப்போனார்.

விடிகிற நேரத்தில் ஓர் இரைச்சல்.
இன்ஜின் இல்லை.
ஆறாவது பனை
ராத்திரியோடு ராத்திரியாகச் சாக்கைக் கிழித்துப்
பாளை விரித்திருந்தது,
படுத்த வாக்கில்,
வெந்த அரிசி நிறத்தில்.
அதன்மேல் வளைவிலிருந்து வந்த தேனீக்கள்.
காட்டுப் பூவின் பொடி காலில் இருக்க
தோட்டத்துப் பூவில் இறங்கி ஏறின.
எந்த ஊர் மரம் என்று ஒன்றும் கேட்கவில்லை.

சத்திபாபு கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்:
"மேடம், இதுக்குத் தனிப் பர்மிட் வேணுமா?"
தாளில் 'பனங்கன்று, எட்டு' என்றுதான் இருந்தது.
பூவுக்கு அதில் கட்டமே இல்லை.
முத்திரை குத்தினேன்.
தேனீ போகட்டும் என்று
வண்டியைப் பத்து நிமிடம் பிடித்தும் வைத்தேன்.
என் வேலையில் நான் செய்த ஒரே முறைகேடு.

தை மாதம் போனில் ஒரு படம் அனுப்பினார்.
நீச்சல் குளம், நீலம்,
கரையில் எட்டும் நிமிர்ந்து நிற்கின்றன.
எதிலும் பூ இல்லை.
தண்ணீரில் கொட்டுகிறதாம்,
வரவர வெட்டிவிடுகிறார்களாம்.

யாரும் தலையில் வைக்காத பூ.
பெண் கேட்டும் வாங்கித் தர மாட்டார்கள்,
கேட்கவும் மாட்டாள்.
அதுவே கூந்தல், அதற்கெதற்குப் பூ
என்று பேர் வைத்தவன் நினைத்திருக்கலாம்.

இன்று காலை பதினொன்றாவது.
மூன்று வருஷம் அண்ணாந்து பார்த்தது
தடுப்புச் சுவர்மேல் ஏறி நின்றால்
கைக்கு எட்டுகிறது.
ஸ்கூட்டியை நிறுத்தி ஏறினேன்.
ஈரமாக, கனமாக,
அலசி உதறாத தலைமுடி போல இருந்தது;
உள்ளே ஒரு நூறு தேனீ.
சரக்கு லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தது.

பன்னிரண்டுக்கு அடிமரத்தில் இடம் இருக்கிறதா
என்று பார்க்கவில்லை.
தலைக்கவசத்தில் உதிர்ந்து கிடந்ததை
சாவடி வரை தட்டிவிடவும் இல்லை.