முந்தைய கணக்கு

எல்லாத்தையும் அழிக்கவா என்று இங்கிலீசில் கேட்டது.
ஓம் என்றேன்.
நிச்சயமாகவா என்று இன்னொருக்கால் கேட்டது.
கல்யாணத்துக்குக்கூட என்னிடம்
இரண்டு தரம் கேட்கவில்லை.

மத்திய வீதிக் கடையில் பதினெட்டாயிரத்துக்கு வாங்கிய டெப்.
மூலையில் வெடிப்பு. முதுகில்
பாதி உரிந்த மீன் ஸ்டிக்கர்.
உள்ளே யாரோ ஒருவரின் உப்புவெளி:
திமிங்கிலம் பார்க்கப் போய்ச் சத்தியெடுத்த வெள்ளைக்காரர்,
டீசல் கடன், கால் கட்டிய பூனை,
ஒரே வானத்தின் எழுபது படம்.
பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாதென்றே
அறுபத்தொன்பது பார்த்தேன்.

செட்டிங்ஸ் முழுக்கச் சிங்களம்.
இரண்டு பொத்தானை ஒன்றாக அமத்து என்று
தம்பி சொன்ன குறுக்குவழியால் போனேன்.
வட்டம் சுற்றியது. நான் அரிசி களைந்தேன்.
தேங்காய் துருவி முடிய
கண்ட பாஷையிலெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டு
குளிப்பாட்டின பிள்ளையாகக் கிடந்தது.
தமிழுக்குக் கீழே நாலு நாடு.
இலங்கையைத் தொட்டேன்.

அதற்குப் பிறகுதான் சொன்னது:
இது முன்பு வேறொருவருடையது.
அவர் கணக்கால் உள்ளே வா.

டீசலை மறந்தாய், வானத்தை மறந்தாய்,
ஆளை மட்டும் பிடித்து வைத்திருக்கிறாயா
சனியனே.

கடைக்காரன் தந்த நம்பரில் முஸம்மில் எடுத்தார். கிண்ணியா.
"போட்டை வித்தன், அதோட இதையும் குடுத்திட்டன்.
பாஸ்வேர்ட் எங்க தங்கச்சி ஞாபகம்?"

மறுநாள் பஸ் ஸ்டாண்ட்.
மான் ஒன்று யாருடையதோ டிக்கட்டை மென்றுகொண்டு நின்றது.
முதல் முறை பிழை.
இரண்டாவதும்.
பிறகு அவர் கடல் பக்கம் திரும்பி
உதட்டுக்குள் எதையோ எண்ணினார்.
காற்றில் நெருப்புக்குச்சி பற்றவைப்பவர்போல்
ஒரு கையால் மறைத்து, ஒரு விரலால் அடித்தார்.

திறந்தது.
தன் பெயரைத் தானே எடுத்துவிட்டு
"இனி உங்கட" என்று தந்தார்.
உள்ளுக்கிருந்ததைப் பார்த்தீங்களோ என்றார்.
இல்லை, வாங்கின கையோடு அழிச்சிட்டன் என்றேன்.
நல்லது என்றார்.

கிண்ணியா பஸ் ஹோன் அடித்தது.
வாய் சும்மா இருக்கவில்லை:
"பூனைக்குக் கால் சுகமோ?"

மிதிபலகையில் ஒரு காலோடு
திரும்பிப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"நொண்டுது," என்றார்.
"ஆனா மதில் பாயுது."