முப்பத்தேழாம் வகுப்பு

எனக்குக் கண் இரண்டும் நன்றாகத்தான் தெரியும்.
முதல் சலவை எந்திரத்துக்குத்தான் ஒன்று போயிருந்தது:
ஏலத்தில் எடுத்தபோதே கதவின் வட்டக் கண்ணாடியில் விரிசல்.
கறுப்பு நாடா ஒட்டினேன்.
துறைமுகத்துப் பையன்கள் எண்ணெய்ச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு
"ஒற்றைக்கண்ணியிடம் போட்டுவிட்டு வருகிறேன்" என்றார்கள்.
லா துவெர்தா.
முதலில் கூப்பிட்டது யாரென்று எனக்கே தெரியாது.
பேர் சோறு போடுமா என்பார்கள்.
பதினேழு வருடம் போட்டது.
வாடகை போக மிஞ்சிய மாதங்களில்
மீனும் போட்டது.

வால்பராய்சோவில் மூடுபனி இறங்காத வாரம் குறைவு.
அப்படி ஒரு வாரத்தில், மார்ச் மாதம்,
ரோசெல்மிரா என்கிறவள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள்.
மேசையில் விரித்தாள்: வெள்ளைச் சட்டை,
நெஞ்சில் இஸ்திரிப் பெட்டியின் அடி அப்படியே,
பழுப்பாய், ஒரு படகு மாதிரி.
நாளை அவள் மகளுக்கு வங்கியில் முதல் நாள்.

அந்தச் சட்டையை நான் பார்த்ததே இல்லை.
காலரைத் திருப்பினேன்.
இளஞ்சிவப்புச் சீட்டு. ஊக்கு இல்லை, பசை.
அதில் என் பேர்.

வீன்யா தெல் மாரில் கடல் பார்த்த கடையாம்.
கண்ணடிக்கிற பெண்முகம் நியானில் எரியுமாம்.
அது நானில்லை அம்மா என்றேன்.
பேர் உன்னுடையதுதானே, என்றாள்.
அதற்கு ஒரு பதில் இருந்திருந்தால்
அப்போதே அனுப்பியிருப்பேன்.
திட்டை வாங்கிக்கொண்டேன். சட்டையையும்.

சந்தியாகோவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் கேட்டான்: எந்த வகுப்பு?
எட்டோடு நிறுத்திவிட்டார்கள், என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
சலவைத் தொழில் முப்பத்தேழாம் வகுப்பு என்றான்.
பார், நான் தாண்டாததை
என் ஒற்றைக்கண்ணி ஒரே தாவில் தாண்டிவிட்டாள்.
பிறகு என் கண்களை மாறி மாறிப் பார்த்தான்.
எல்லாரும் பார்ப்பார்கள். பழகிவிட்டது.
அவர்கள் ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டார்கள், என்றான்.
ஆட்சேபிக்க முப்பது நாள்.
நீங்கள்தான் முதலில் என்பதற்கு என்ன சாட்சி?

பலகையா? சுண்ணக்கட்டியால் எழுதியது,
மழைக்கு மழை புதிதாய்.
ரசீதா? எல்லாம் கொடுத்தாயிற்று,
சட்டைகளோடு.

சட்டைகளோடு.
திரும்பும் பேருந்தில், மலைச்சுரங்கத்தின் இருட்டில்,
அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவில் எழுதி ஒட்டினேன்:
பழைய சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள்.
ஒலெகாரியோ குளிர்கோட்டின் உள்பையிலிருந்து நான்கு எடுத்தான்,
ஒன்றில் மீன் செதில்.
யாரோ புத்தகத்தில் பக்க அடையாளமாய் வைத்திருந்தார்கள்.
ஒருத்தி கணவனின் கோட்டையே தூக்கி வந்தாள்:
என்னால் பிரிக்க முடியவில்லை, நீ பிரித்துக்கொள்.
நானும் பிரிக்கவில்லை. கோட்டோடு படமெடுத்தேன்.
என் பின்கம்பியிலும் ஒன்று தொங்கியது,
எடுக்க வராமலே கப்பலேறிய எவனோ ஒருவனுடைய நீலச் சட்டை.
சீட்டில் தேதி, என் கையெழுத்தில்,
பதினான்கு வருடம் முந்தையது.
கடன் வைத்துப் போனவன்
எனக்குச் சாட்சி வைத்துப் போயிருக்கிறான்.

இருநூற்றுப் பதினொன்று. பள்ளி நோட்டில் ஒட்டி அனுப்பினேன்.

பதில் இன்னும் இல்லை.
அவர்கள் 'சின்ன ஒற்றைக்கண்ணி' என்று மாற்றப்போவதாகப் பேச்சு.
ஒலி ஒத்திருந்தாலும் விடமாட்டோம் என்கிறார் வக்கீல்.
அவருடைய திரைச்சீலைகள் என்னிடம் இலவசமாய் ஊறுகின்றன.

அந்த வெள்ளைச் சட்டையா?
அன்றிரவே உட்கார்ந்தேன்.
எதைத் தேய்த்தும் படகு வெளுத்ததே தவிரப் போகவில்லை.
மேலே ஒரு சின்னப் பை தைத்து மூடினேன்.
இடப்பக்கம், பேனா வைக்கிற இடம்;
வங்கிக்கு உதவும்.
காசு வாங்கவில்லை.
சீட்டு எழுதும்போதுதான் கை நின்றது.
தீய்த்தது நானில்லை.
விடியக் கொஞ்சம் இருந்தது,
கீழே கப்பலொன்று ஊதியது.
எழுதினேன்.
ஊக்கு குத்தினேன்.